வடசென்னையிலிருந்து ராணுவப் பள்ளிக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வருங்கால ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் ஆயத்தப் பள்ளிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். ராயபுரம், வியாசர்பாடி, மணலி, எண்ணூர் என வடசென்னையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ராணுவ உறைவிடப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது பெரம்பூரில் வசிப்பவன் என்ற முறையில் அவற்றுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். கடிதங்களைப் படித்தபோது ஒன்று மனத்தை வருத்தியது. பிள்ளைக்கு ஆசையும் திறமையும் இருந்தும், விண்ணப்பிக்க வேண்டிய வயது கடந்த பிறகுதான் பல பெற்றோருக்கு இப்படி ஒரு பள்ளி இருக்கும் செய்தியே எட்டியிருக்கிறது. ஆகவே கீழே உள்ள பதில்களில் வயதைப் பற்றிச் சொல்லும் இடங்களை மட்டுமாவது உங்கள் தெருவில் உள்ள மற்றப் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

என் மகன் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். கணவர் விசைப்படகில் தொழிலுக்குச் செல்கிறார். பையன் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று ஓயாமல் சொல்கிறான். இப்போதே சேர்க்கக்கூடிய பள்ளி இருக்கிறதா? ஆங்கிலம் சரியாக வராதவனை எடுத்துக்கொள்வார்களா?
— ஒரு வாசகி, காசிமேடு

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி அணைக்கு அருகில், அமராவதிநகர் சைனிக் பள்ளி இருக்கிறது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் முன்னெடுத்த திட்டத்தின்படி 1961-இல் நாட்டில் சைனிக் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அமராவதிநகர் பள்ளி 1962 ஜூலையில் வந்தது. அதுவரை அதிகாரிப் பதவிகளுக்குப் பெரும்பாலும் வசதியான குடும்பங்களின் பிள்ளைகளும், படைக் குடும்பங்களில் பிறந்தவர்களுமே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வாய்ப்பைச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதே இப்பள்ளிகளின் நோக்கம். ஆகவே உங்கள் மகன் எந்தக் கூச்சமும் இல்லாமல் விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் வகுப்பில் சேர, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று வயது 10-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நாடு முழுவதும் நடத்துகிறது. மொத்தம் 300 மதிப்பெண்கள்: கணிதத்துக்கு 150, பொது அறிவு, மொழி, நுண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50. கேள்விகள் 125, நேரம் இரண்டரை மணி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதும்படி பையனிடம் சொல்லுங்கள்.

உங்கள் முக்கியமான கவலைக்கு வருகிறேன். ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்தை நிரப்பும்போது தேர்வு மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்தால் போதும். இது தெரியாமல், ஆங்கிலம் வராது என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பிக்காமல் விட்டுவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஒன்பதாம் வகுப்பில் சேருவதற்கும் தேர்வு உண்டு, அதற்கு வயது 13-க்கும் 15-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் அத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது, இடங்களும் குறைவு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பே நல்ல வாய்ப்பு.

சேர்ந்த பிறகு பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். முதல் சில மாதங்கள் அவன் திணறுவான், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை பகல் முழுவதும் ஒரு மொழியைக் கேட்டுப் பேசிப் பழகினால் அதைப் பிடித்துக்கொள்ளும் வேகம் பெரியவர்களுக்கு வராது. தமிழில் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டு வந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குள் மற்றவர்களுக்கு இணையாக நிற்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் இணையவழியில் மட்டுமே. அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். அதற்கு முன்பே பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இடங்களில் 67 விழுக்காடு பள்ளி அமைந்துள்ள மாநிலத்தின் பிள்ளைகளுக்கு உரியது. அதற்குள் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பழங்குடியினருக்கு ஏழரை விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசின் பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். மாநிலச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் அலைபவர்கள் நிறையப் பேர்.

துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். சைனிக் பள்ளிக் கட்டணம் லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களால் முடியுமா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

கட்டணம், உணவு, தங்குமிடம், சீருடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் முழுத் தொகையையும் எல்லாரும் கட்டுவதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த மாணவர்களுக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசு உதவித்தொகை தருகிறது. வருமானம் குறையக் குறைய உதவி கூடும். சேரும்போது வாங்கும் காப்புத்தொகை பள்ளியை விட்டு வரும்போது திரும்பக் கிடைக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழை உரிய காலத்தில் வாங்குவதும், பள்ளி கேட்கும் நாளுக்குள் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு.

உதவித்தொகை பல நேரங்களில் தாமதமாக வந்து சேரும். முதல் தவணையை நீங்களே கட்ட வேண்டிவரலாம் என்று எண்ணி, ஒரு சிறு தொகையை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். பணச் சிக்கலைப் பள்ளி முதல்வருக்குக் கடிதமாக எழுதிக் காலஅவகாசம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பேரனை இப்படிப்பட்ட பள்ளிக்கு அனுப்ப மகனும் மருமகளும் முடிவுசெய்திருக்கிறார்கள். நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பத்து வயதுப் பிள்ளையை அங்கே காலையிலிருந்து இரவு வரை என்னதான் செய்வார்கள்? ஏங்கிப் போய்விட மாட்டானா?
— ஒரு தாத்தா, பெரம்பூர்

ஐயா, ஏங்கத்தான் செய்வான். அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். பல் துலக்கி, ஒரு குவளை தேநீரோ பாலோ குடித்துவிட்டு மைதானத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இதை 'ஃபால்-இன்' என்பார்கள். அதன்பின் ஓட்டமும் உடற்பயிற்சியும். சில நாட்களில் உடற்பயிற்சிக்குப் பதிலாக அணிவகுப்பு. திரும்பி வந்து குளித்து, சீருடை மாற்றி, மெஸ்ஸில் காலை உணவு. பிறகு பிரார்த்தனைக் கூட்டமும், மற்றப் பள்ளிகளைப் போன்றே சி.பி.எஸ்.இ. பாடத்திட்ட வகுப்புகளும். மதிய உணவுக்குப் பின் சற்று ஓய்வு, மாலையில் கட்டாய விளையாட்டு, இரவு உணவுக்கு முன்னும் பின்னும் ஆசிரியர் கண்காணிப்பில் படிப்பு, பிறகு விளக்கணைப்பு. இந்த மாலைப் படிப்பு நேரத்தைப் பிள்ளைகள் 'பிரெப்' என்பார்கள். கைப்பேசிக்கு அனுமதி இல்லை. குறித்த நாளில் வீட்டாருடன் பேச ஏற்பாடு இருக்கும்.

ஒரு நாளில் எத்தனையோ முறை உடை மாற்ற வேண்டியிருப்பதும், ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே கிடைப்பதும் புதிதாக வரும் பிள்ளைகளை மலைக்க வைக்கும். காலணிக்கு மெருகிட வேண்டும், படுக்கை விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து மடிக்க வேண்டும், அலமாரியில் துணிகளை ஒரே அளவில் அடுக்க வேண்டும். வீட்டில் தாயோ பாட்டியோ செய்த வேலைகள் இவை. இவற்றைக் கற்றுக்கொடுப்பதன் பொருள் வெறும் ஒழுங்கு அல்ல என்பது என் கருத்து. தன் காரியத்தை விரைவாகவும் சரியாகவும் முடித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு உதவ நேரம் மிஞ்சும். பத்தாம், பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது அதே பிள்ளையிடம் இளையவர்கள் சிலரை ஒப்படைத்து, அவர்கள் சாப்பிட்டார்களா, காய்ச்சலில் இருக்கிறார்களா, கணக்கில் பின்தங்குகிறார்களா என்று பார்க்கச் சொல்வார்கள். அதிகாரிக்கான பயிற்சி என்றால் துப்பாக்கி பிடிப்பது என்று நினைக்கிறோம். அந்த வயதில் நடக்கும் உண்மையான பயிற்சி, பிறருக்குப் பொறுப்பாக இருக்கப் பழகுவதுதான்.

பிள்ளைகளை 'ஹவுஸ்' என்னும் இல்லங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹவுஸ் மாஸ்டர் உண்டு, சிறுவர்களின் இல்லத்தில் மேட்ரனும் இருப்பார். ஓட்டம், கால்பந்து, விவாதம், நாடகம் என எல்லாவற்றிலும் இல்லங்களுக்கிடையே போட்டி நடக்கும். முதல்வரும் துணை முதல்வரும் பணியில் உள்ள படை அதிகாரிகள். ஆசிரியர்கள் பெரும்பாலும் பொதுமக்கள். தேசிய மாணவர் படைப் பயிற்சியும் உண்டு.

ஏக்கத்தைப் பற்றி: பெரும்பாலும் முதல் ஆறு வாரங்கள்தான் கடினம். இரவு விளக்கணைத்த பிறகும் ஞாயிறு மதியமும் அழுகை வரும். அந்த நாட்களில் வீட்டிலிருந்து பேசுபவர்கள் "உனக்கு முடியவில்லையென்றால் வந்துவிடு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் பிள்ளையால் எங்கும் காலூன்ற முடியாது. அதே நேரத்தில் "ஆண்பிள்ளை அழலாமா" என்று அதட்டினால், அடுத்த முறை உண்மையான துன்பம் வந்தாலும் சொல்ல மாட்டான். பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள், வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் கடிதம் எழுதுங்கள், ஐயா. தாத்தாவின் கையெழுத்தில் வரும் கடிதத்தைப் பிள்ளைகள் தலையணைக்கடியில் வைத்துப் பலமுறை படிப்பார்கள். பார்க்கப் போவதும் கடினமல்ல: சென்ட்ரலில் ஏறினால் பழனி வழியாகப் பாலக்காடு செல்லும் இரவு ரயில் காலையில் உடுமலைப்பேட்டையில் இறக்கிவிடும், அங்கிருந்து பேருந்தில் போகலாம்.

போவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். பெற்றோர் இல்லாத நேரத்தில் பேரனைத் தனியே அழைத்து, போக வேண்டும் என்பது அவனுடைய விருப்பமா, அப்பாவின் விருப்பமா என்று கேளுங்கள். அவனுடைய விருப்பம் அதில் இல்லையென்றால் மகனிடம் அதைச் சொல்லும் தகுதி அந்த வீட்டில் உங்களுக்குத்தான் இருக்கிறது.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும் மாணவி. டேராடூனில் ஒரு ராணுவக் கல்லூரி இருக்கிறதாமே, அதில் பெண்களைச் சேர்ப்பார்களா?
— ஒரு மாணவி, வியாசர்பாடி

சேர்ப்பார்கள், மகளே. அதன் பெயர் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடக்கும் உறைவிடப் பள்ளிதான். இந்தியச் சிறுவர்களை இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்கு ஆயத்தம் செய்வதற்காக 1922 மார்ச்சில் தொடங்கப்பட்டது. பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதியான கே.எஸ். திம்மையா அங்கே படித்தவர். 2000 முதல் 2002 வரை அதே பதவியில் இருந்த எஸ். பத்மநாபனும் அப்பள்ளியின் மாணவர்தான். நூறு ஆண்டுகள் ஆண்களுக்கு மட்டுமே இருந்த அந்தப் பள்ளி 2022-இல்தான் பெண்களுக்கும் இடம் கொடுத்தது.

ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், எட்டாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். சேரும் நாளில் உன் வயது பதினொன்றரைக்குக் குறையாமலும் 13 நிறையாமலும் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டோ முடித்தோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கான எழுத்துத் தேர்வைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் சென்னையிலேயே நடத்துகிறது. அந்த அலுவலகம் பூங்கா நகரில், உங்கள் ஊரிலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. கணிதத்துக்கு 200, ஆங்கிலத்துக்கு 125, பொது அறிவுக்கு 75 மதிப்பெண்கள். அதில் தேறுபவர்களுக்கு 50 மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. பொதுவாக ஒரு மாநிலத்துக்கு ஒரு பருவத்தில் ஓரிரு இடங்களே கிடைக்கும் என்பதால் போட்டி மிகக் கடுமை. கணிதத் தாளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். நீ தமிழ் வழியில் படிப்பவளானால் கணக்குச் சொற்களை ஆங்கிலத்தில் இப்போதே பழகத் தொடங்கு. விண்ணப்பப் படிவத்தையும் பழைய வினாத்தாள்களையும் டேராடூன் கல்லூரியிலிருந்தே வரவழைக்க வேண்டும், கடைகளில் கிடைக்கும் படிவங்கள் செல்லாது.

சைனிக் பள்ளிகளின் ஆறாம் வகுப்பிலும் பெண்களைச் சேர்க்கிறார்கள். உனக்குத் தங்கை இருந்தால் அவளுக்காக அதைக் குறித்து வைத்துக்கொள்.

வெளியூரில் உள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் மகனைச் சேர்த்தோம். மூத்த மாணவர்கள் இரவில் எழுப்பி முட்டி போட வைக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்று விடுமுறைக்கு வந்தபோது சொன்னான். ராணுவப் பயிற்சி என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், திருவொற்றியூர்

உறவினர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். பயிற்றுநர் மைதானத்தில் எல்லார் முன்னிலையிலும் கூடுதலாக ஒரு சுற்று ஓடச் சொல்வது வேறு. விளக்கணைத்த பிறகு பதினாறு வயதுப் பையன் பதினொரு வயதுக் குழந்தையை அடிப்பது வேறு. இரண்டாவதற்கு எந்த ராணுவப் பள்ளியின் விதியிலும் இடமில்லை. குழந்தைகளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. தன்னைவிட எளியவனை அடித்துப் பழகியவன் நல்ல அதிகாரியாக மாட்டான். ஒரு படைப்பிரிவின் வீரர்கள் தங்கள் உயிரை நம்பி ஒப்படைப்பது அதிகாரியிடம்தான்.

பையன் சொன்னதை நாள், இடம், பெயர் ஆகியவற்றுடன் எழுதி வையுங்கள். உடலில் காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு பெறுங்கள். பள்ளி முதல்வருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பிவிட்டு, கணவரும் நீங்களும் நேரில் சென்று பேசுங்கள். ஹவுஸ் மாஸ்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு திரும்பி வராதீர்கள். அவனை வேறு இல்லத்துக்கு மாற்றவும், அடித்தவர்கள் மீது எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தரவும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் அவன் அஞ்சினால் அழைத்து வந்துவிடுங்கள். திருவொற்றியூரிலேயே படித்துப் பதினேழு வயதில், முப்படைகளுக்கும் அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வை எழுத அவனுக்கு எந்தத் தடையும் இல்லை.

இப்பள்ளிகளில் படித்தால் கட்டாயம் ராணுவத்தில்தான் சேர வேண்டுமா? பெங்களூரிலும் ஒரு ராணுவப் பள்ளி இருக்கிறதா?
— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

சட்டப்படியான கட்டாயம் இல்லை. ஆனால் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு மாணவர்களைத் தயார்செய்யவே பொதுமக்கள் பணத்தில் இப்பள்ளிகள் நடக்கின்றன. உடல்தகுதி உள்ள மாணவர் அந்தத் தேர்வையாவது எழுத வேண்டும் என்று பள்ளி எதிர்பார்ப்பது நியாயமே. நல்ல விடுதியுள்ள பள்ளி என்பதற்காக மட்டும் சேர்த்தால், விருப்பமுள்ள வேறொரு பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெங்களூரில் இருப்பது ராஷ்ட்ரிய ராணுவப் பள்ளி. நாட்டில் இவ்வகைப் பள்ளிகள் ஐந்து. மற்றவை பெலகாவி, அஜ்மீர், செயில், தோல்பூர் ஆகிய ஊர்களில் உள்ளன. இவற்றுக்கு நுழைவுத் தேர்வு தனி. படைவீரர்களின் பிள்ளைகளுக்கு இங்கே பெரும்பங்கு இடங்கள் உண்டு.

ராயபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். குத்துச்சண்டையில் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறேன். சைனிக் பள்ளி பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. இனிமேல் நான் அதிகாரியாக முடியுமா?
— ஒரு மாணவர், ராயபுரம்

முடியும், தம்பி. புனேக்கு அருகில் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று யாரும் பார்ப்பதில்லை. அகாடமி 1955 ஜனவரியில் அங்கே முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, பெரும்பாலும் ஏப்ரலிலும் செப்டம்பரிலும், தேர்வு நடத்துகிறது. பயிற்சி தொடங்கும் காலத்தில் வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ராணுவத்துக்கு எந்தப் பாடப்பிரிவும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்குக் கட்டணம் இல்லை.

எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600 மதிப்பெண்கள். பொதுத் திறன் தாளில் 200 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு, மீதி அறிவியல், வரலாறு, புவியியல், நடப்புச் செய்திகள் ஆகியவற்றுக்கு. இங்கே தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும், ஆகவே ஊகத்தில் எழுதாதே. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. கணிதத் தாளில் 120 கேள்விகளுக்கு இரண்டரை மணி நேரம்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களை அடிப்படையிலிருந்து படித்தவர்களுக்கு அது போதும். நீ கணிதம் இல்லாத பிரிவில் இருந்தாலும் எழுதலாம், ஆனால் அதைத் தனியே படிக்க வேண்டியிருக்கும்.

எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு ஐந்து நாள் நேர்காணல் நடக்கும். அதற்கும் 900 மதிப்பெண்கள், அதாவது மொத்தத்தில் சரிபாதி. ராணுவத்துக்கான தேர்வு வாரியங்கள் பெங்களூர், போபால், பிரயாக்ராஜ் முதலிய இடங்களில் உள்ளன. முதல் நாள் வடிகட்டும் தேர்வு: நுண்ணறிவுக் கேள்விகளோடு, மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுதச் சொல்லி, பிறகு அதைக் குழுவாக விவாதிக்க வைப்பார்கள். அன்றே பலரும் திரும்பிவிடுவார்கள். தங்குபவர்களுக்கு உளவியல் தேர்வுகள் உண்டு. 12 படங்களுக்குக் கதை எழுத வேண்டும், அவற்றில் கடைசி வெற்றுத் தாள். 60 சொற்களுக்குத் தலா 15 விநாடியில் மனத்தில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடத்தில் பதில் எழுத வேண்டும். பிறகு பலகையும் கயிறும் கொண்டு குழுவாகத் தடைகளைக் கடப்பது, திட்டமிடல், சிறு உரை. தனி நேர்முகத் தேர்வும் உண்டு. கடைசி நாள் எல்லாத் தேர்வாளர்களும் சேர்ந்து அமர்ந்து முடிவெடுப்பார்கள்.

நேரமின்மையால் இத்தேர்வுகளில் யோசித்து நடிக்க முடியாது. நீ எப்படிப்பட்டவனோ அதுதான் தாளில் வரும். அதனால்தான் உன் குத்துச்சண்டையை விட்டுவிடாதே என்கிறேன். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தலைமுறைகளாக வளர்ந்துவரும் அந்த விளையாட்டில், அடி வாங்கிய பிறகும் கையை உயர்த்தி நிற்கவும், தோற்றவனிடம் போய்க் கைகொடுக்கவும் கற்றிருப்பாய். அகாடமியின் பயிற்சியிலும் குத்துச்சண்டை உண்டு. உங்கள் பயிற்சிக்கூடத்தில் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாயா? இல்லையென்றால் நாளையே தொடங்கு. நேர்காணலில் சொல்வதற்காக அல்ல, பத்துப் பேரைக் கவனித்துக்கொள்ள முடியுமா என்று உனக்கே தெரிய வேண்டும் என்பதற்காக. ஆங்கிலம் தயக்கமின்றிப் பேச, தினமும் ஒரு செய்தியை ஆங்கில நாளிதழில் உரக்கப் படித்துவிட்டு அதை உன் சொற்களில் நண்பனிடம் சொல். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு வந்தால் நிராகரிக்க மாட்டார்கள். சொல்ல வந்தது தெளிவாக இருக்க வேண்டும்.

அகாடமியில் மூன்று ஆண்டுகள். பயிற்சி, உணவு, தங்குமிடம் எல்லாம் அரசின் செலவு. முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டமும் உண்டு. ராணுவத்தைத் தெரிவுசெய்தவர்கள் அதன்பின் ஓராண்டு டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்று லெப்டினன்ட் ஆவார்கள். அந்த ஓராண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். நீந்தத் தெரியாவிட்டால் அங்கேயே கற்றுக்கொடுப்பார்கள்.

அகாடமித் தேர்வுக்குப் பயிற்சி மையங்கள் பெரும் தொகை கேட்கின்றன. சேர்க்காமல் இருந்தால் பிள்ளை பின்தங்கிவிடுமா?
— ஒரு வாசகர், மணலி

பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரம் குறித்து அவற்றை எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி மையம் கட்டாயமில்லை. கணிதத்தில் மட்டும் உதவி தேவைப்பட்டால் அருகில் உள்ள நல்ல ஆசிரியரிடம் அனுப்புங்கள். "நேர்காணலில் தேர்ச்சி உறுதி" என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். மனப்பாடம் செய்த கதைகளைத் தேர்வாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று பணம் கேட்பவர் யாராயினும் மோசடிக்காரர், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

மகனுக்குக் கால் தட்டையாக இருக்கிறது. கண்ணாடியும் அணிகிறான். வாய்ப்பே இல்லையா?
— ஒரு வாசகி, எண்ணூர்

நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். நுனிக்காலில் நிற்கும்போது பாதத்தில் வளைவு தெரிந்தால் அது பெரும்பாலும் தடையாவதில்லை. விறைப்பான தட்டைப் பாதம்தான் சிக்கல். கண்ணாடிக்கும் ஓர் அளவு வரை அனுமதி உண்டு, கடற்படைக்கும் விமானம் ஓட்டுவதற்கும் விதி கடுமை. நிறங்களைப் பிரித்தறியும் பார்வையைச் சிறு வயதிலேயே சோதித்துவிடுவது நல்லது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ காட்டுங்கள். காதில் அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, பற்சிதைவு போன்ற சரிசெய்யக்கூடிய குறைகளை முன்பே கவனித்துவிட்டால் மருத்துவப் பரிசோதனையில் அலைய வேண்டாம். பச்சை குத்திக்கொள்ளும் ஆசை பிள்ளைகளிடம் பெருகியிருக்கிறது. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர மற்ற இடங்களில் நிரந்தரப் பச்சை இருந்தால் தகுதி இழக்க நேரலாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி, வயது இருபது. எல்லா வாய்ப்பும் போய்விட்டதா?
— ஒரு மாணவி, புளியந்தோப்பு

போகவில்லை. பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை எழுதலாம். இதையும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. அதில் தேர்ந்து, அதே ஐந்து நாள் நேர்காணலிலும் மருத்துவத்திலும் தேறினால், பயிற்சி பெற வேண்டிய இடம் உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பரங்கிமலையில் இருக்கிறது. 1963-இல் தொடங்கிய அந்த அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சிக் காலம் 49 வாரங்கள். 2014-இல் காஷ்மீரில் உயிர்நீத்து அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் பட்டப்படிப்புக்குப் பின் இங்கே பயிற்சி பெற்றவர்தான்.

இன்னொரு வழி தேசிய மாணவர் படை. அதில் 'சி' சான்றிதழைக் குறைந்தது 'பி' தரத்தில் பெற்ற பட்டதாரிகள், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரடியாக நேர்காணலுக்கு அழைக்கப்படுவார்கள். உன் கல்லூரியில் மாணவர் படைப் பிரிவு இருக்கிறதா என்றும், இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் 'சி' சான்றிதழுக்கான காலம் போதுமா என்றும் பொறுப்பு ஆசிரியரிடம் இந்த வாரமே கேள். போதாது என்றால் தேர்வு வழியே உனக்கு உரியது. அதில் பெண்கள் எழுதும் பரங்கிமலைக்கான தேர்வுக்குக் கணிதத் தாள் கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும் மட்டுமே. இன்றிலிருந்து நாள்தோறும் ஓடத் தொடங்கு.